தச்சு கழியாத வீடு

இந்த ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். "அதோ அது என்னுடையது, அந்த மூலையில் இருப்பதும் என்னுடையது" என்று கைகாட்டிக்கொண்டே வருவார்கள். வந்த புதிதில் என் முதலாளி பிரையன், என்னையும் என் மனைவி விமலாவையும் அப்படி ஒரு நாள் அழைத்துப்போனார். இந்த மனிதர் பெரிய ஜமீன்தார் போலிருக்கிறதே, பிறகு ஏன் முட்டி கிழிந்த கால்சட்டையோடு நம்மோடு சேர்ந்து ஏணி ஏறுகிறார் என்று நான் குழம்பிப்போனேன். "இத்தனை வீட்டுக்கும் வாடகை வசூலிக்க யார் போவார்கள்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகுதான் புரிந்தது, அவையெல்லாம் அடுத்தவர்கள் குடியிருக்கும் வீடுகள். அவர் கட்டிக் கொடுத்தவை, அவ்வளவுதான். கட்டியவனும் என்னுடையது என்கிறான், குடியிருப்பவனும் என்னுடையது என்கிறான், இதில் இங்கே யாருக்கும் சங்கடம் இல்லை. விமலாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நான் ஜவ்வாது மலைக்காரன். விமலா கணியம்பாடிக்காரி, படித்துத் தேறிய நர்ஸ். எழுபதுகளின் கடைசியில் ஆஸ்திரேலியாவில், டாஸ்மேனியா என்ற தீவில் ஒரு ஆஸ்பத்திரி அவளை வேலைக்கு எடுத்தது. அவளுடைய பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நானும் வந்து இறங்கினேன். ஆண்பிள்ளை சம்பாதிக்கப் போவான், பெண் பின்னால் போவாள் என்றிருந்த சொந்தக்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கையாக இருந்தது. நான் ஐ.டி.ஐ.யில் தச்சு வேலை படித்தவன். போளூர், கலசப்பாக்கம் பக்கம் நாலைந்து வருடம் நிலைக்கதவும் கூரைச் சட்டமும் செய்தவன். அந்தச் சான்றிதழை இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணமாகி மீசை முற்றிய வயதில், பள்ளிக்கூடத்தை விட்டு நேற்று வந்த பையன்களோடு அப்ரெண்டிஸாக மறுபடியும் சேர்ந்தேன். காளியப்பன் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் கெல்லி ஆனேன். அதில் எனக்கு வருத்தமில்லை. காளிக்கே ஆயிரம் பெயர்.

இங்கே வீடு என்றால் மரம்தான். சுவர் மரம், தரை மரம், கூரை மரம். எங்கள் மலையைப் போலவே குளிரும் மூடுபனியும் உண்டு. ஆனால் மலையில் ஒரு வீடு எழுப்பினால் ஊரே வந்து கைகொடுக்கும், கூழ் காய்ச்சி ஊற்றுவார்கள், சத்தம் ஊர் தாண்டிக் கேட்கும். இங்கே மூன்று பேர் ரேடியோவை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை எழுப்பிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் திரை விலக்கிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் மூன்று வருடம் நான் பிரையன் சொன்னதைச் செய்தேன். அளக்கச் சொன்னால் அளந்தேன், அறுக்கச் சொன்னால் அறுத்தேன். எந்த வீட்டையும் என் பொறுப்பு என்று நினைக்க இடமில்லாமல் இருந்ததால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

நான்காம் வருடம் கட்டட வேலை படுத்துவிட்டது. வீடு கட்டுவாரில்லை. ஒருநாள் பிரையன் என்னையும் மார்க் என்ற இன்னொரு அப்ரெண்டிஸையும் உட்காரவைத்துப் பேசினார். பயிற்சி முடிந்ததும் ஒருவரைத்தான் தன்னால் வைத்துக்கொள்ள முடியும் என்றார். கட்டடத் தொழில் பயில்கிறவர்களுக்கு வருடா வருடம் ஒரு விருது தருகிறார்கள், இருவரும் விண்ணப்பம் போடுங்கள், ஆளுக்கு ஒரு வீட்டை முழுப் பொறுப்பாகத் தருகிறேன், விருதுக்காரர்கள் வந்து பார்க்கட்டும், வென்றவன் என்னோடு இருப்பான் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். விமலா அப்போது இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இத்த மட்டும் வுட்றாதீங்க. நான் ஒருத்தியே எத்தினி நாளைக்கு ஓடறது?" என்றாள்.

அவள் கால்கள் வீங்கியிருந்ததை அன்றுதான் கவனித்தேன். எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது.

என் பங்குக்கு வந்த வீடு ஒரு பஸ் டிரைவருடையது. அவர் மனைவி பிள்ளைத்தாச்சி. வாரம் ஒருமுறை வந்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கதவே இல்லாத அறைகளில் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவாள். பிரையன் முதல் நாளே என் முதுகில் தட்டி, "இது உன் வீடு கெல்லி" என்றார். உற்சாகப்படுத்தத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது உண்மை. எங்கள் பக்கத்து வழக்கப்படி, பொறுப்பேற்றுக் கட்டும் தச்சனுடையதுதான் வீடு. அவன் தன் தச்சைக் கழித்து வெளியேறும்வரை அது அவனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

தச்சுக் கழிப்பதைப் பற்றிப் போளூர் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வீட்டு வேலை முடிந்து, குடிபோவதற்கு முன்பு, வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். தச்சன் மட்டும் உள்ளே இருந்து விளக்கேற்றி, பூசணிக்காய் உடைத்து, கோழி அறுத்து, ஒவ்வொரு நிலையையும் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாசலுக்கு வருவான். பிறகு உளிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவான். அந்த வீட்டில் பட்ட தன் வியர்வை, கோபம், பெருமை எல்லாவற்றையும் அவன் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறான் என்று பொருள். பிறகு வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சிக் குடித்து, அவர்களே வாய்விட்டு அழைக்கும்வரை தச்சன் அந்தப் படியை மிதிக்கக் கூடாது. மிதித்தால் கழித்தது அவ்வளவும் வீண், உள்ளே போகிறவர்களுக்கு ஆகாது. இதை நான் யாரிடமும் பாடமாகக் கேட்டதில்லை. வேலை செய்த இடங்களில் எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன்.

நான் கழிக்காமல் விட்ட வீடு ஒன்று உண்டு. புறப்படுவதற்கு முந்திய கோடையில் அம்மாவுக்கும் தம்பி வெள்ளையனுக்கும் மலையில் ஒரு ஓட்டு வீடு கட்டினேன். ஊரார் மண் குழைத்தார்கள், கல் சுமந்தார்கள். ஓடு கீழே இருந்து தலைச்சுமையாக ஏறியது. கூரைச் சட்டமும் நிலையும் கதவும் முழுக்க என் கை. கடைசிக் கதவை மாட்டிய வாரம் விமான டிக்கெட் வந்தது. அது ஆடி மாதம். ஆடியில் யார் தச்சுக் கழிப்பார்கள், யார் குடிபோவார்கள்?

"ஆடி போவட்டும்மா, ஆவணியில பாத்துக்கலாம்" என்றேன்.

"ஆவணியில நீ எங்கடா இருப்ப?" என்றாள் அம்மா.

அவள் பழைய குடிசையிலேயே தங்கிவிட்டாள். புது வீட்டில் சாமை மூட்டையும் புளியும் குடியேறின.

டிரைவர் வீட்டுக் கதையும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. மறுநாள் காலை அவர்கள் சாமான்களோடு வருவதாகப் பேச்சு. விருதுக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. வந்தால் டிரைவரே கதவைத் திறந்து வாங்க என்று எல்லோரையும் கூப்பிடப் போகிறார், என் முறையும் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். எல்லோரும் போன பிறகு சாயங்கால வெயிலில் நான் மட்டும் தங்கினேன். கடையில் வாங்கிய சாம்பல் நிறப் பரங்கிக்காய் ஒன்று, விமலா ஊரிலிருந்து கொண்டுவந்து பத்திரப்படுத்தியிருந்த சூடம் கொஞ்சம். கோழி கிடைக்கும்தான். ஆனால் அது தலையில்லாமல், பிளாஸ்டிக் பையில் விறைத்துக் கிடக்கும். அதைக் காட்டி எந்தச் சாமியையும் ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நிலையாகத் தட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளைத்தாச்சி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். வாசலில் காயை உடைத்து, சிதறலைக் கூட்டி அள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு மனம் அவ்வளவு லேசாக இருந்தது அன்று ஒருநாள்தான்.

திங்கட்கிழமை காலை பிரையன் என்னை நேராக அந்த வீட்டுக்கே வரச்சொன்னார். வாசலில் இரண்டு கார்கள் நின்றன. விருதுக்காரர்கள் இருவர் கையில் அட்டையும் அளவு நாடாவும் வைத்திருந்தார்கள். வீடு பூட்டியே கிடந்தது. தரையில் கீறல் விழாமல் இருக்கட்டும் என்று பிரையனே டிரைவரிடம் கேட்டுக் குடிவருவதைத் தள்ளிப்போட்டிருக்கிறார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்த காரியம். வீட்டில் பால் காய்ச்சவில்லை. அழைக்க ஆளில்லை.

பிரையன் சாவியை என் கையில் கொடுத்து, "போ, உன் வீட்டைக் காட்டு" என்றார். நான் படிக்குக் கீழேயே நின்றேன். மூத்தவராக இருந்தவர் என்னைப் பார்த்து, "இது உங்கள் வேலைதானே?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமைவரை என்னுடையது. இப்போது இல்லை" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் வந்து அழைத்தால்தான் நான் உள்ளே வரலாம் என்று விளக்கப் பார்த்தேன். வீட்டுக்காரர் இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேனே என்றார் பிரையன். "நீங்கள் வீட்டுக்காரர் இல்லையே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவருக்கு அது முகத்தில் அறைந்தது போல் ஆகிவிட்டது. காரில் கூட்டிப்போன அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இவன் என்னைப் பற்றி இப்படித்தான் நினைத்திருக்கிறான் என்று அவர் கண் சொன்னது.

ஏறவேண்டியது மூன்றே படிகள். விமலாவின் வீங்கிய கால்கள் நினைவுக்கு வந்தன. ஏறிவிடடா என்று எனக்கு நானே சொன்னேன். அந்தப் பெண்ணின் வயிறும் நினைவுக்கு வந்தது. என் கால் எழவில்லை. கடைசியில் மார்க்கை வரவழைத்தார்கள், அவன்தான் அவர்களை உள்ளே கூட்டிப்போனான். நான் வெளியே நின்று, நான் மாட்டிய கதவுகள் திறந்து மூடும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் கிரீச்சிடவில்லை.

விருது மார்க்குக்குப் போனது. அவன் நல்ல வேலைக்காரன், எனக்கு அதில் பொறாமை இல்லை. பயிற்சி முடிந்ததும் பிரையன் என் கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பினார். தன் வேலையைத் தன்னுடையது என்று சொல்லாத ஆளை எப்படி நான் வாடிக்கையாளர் முன் நிறுத்துவது என்று கேட்டார். அவர் பக்கம் அது நியாயம்தான். விமலா என்னை நியாயம் கேட்காமல் விடவில்லை.

"மூணு படி ஏறறதுக்கு இன்னாங்க கேடு? இந்த ஊரு சாமிக்குத் தச்சு கிச்சுலாம் தெரியுமா?"

"சாமிக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதே."

அவள் நர்ஸ் உடுப்பை எடுத்து மடித்தாள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு நேத்து எங்க வார்டுலதான் பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள. நல்லாகீது" என்று மட்டும் சொன்னாள். எங்களுக்குள் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அன்று நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவள் இன்னும் இரவுப் பணிக்குப் போகிறாள் என்பதும் எனக்குத் தெரிகிறது.

அந்த வருடக் கடைசியில் போளூரிலிருந்து வெள்ளையன் ட்ரங்க் காலில் வந்தான். அம்மாவையும் மலையிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்திருந்தான்.

"ண்ணா, அம்மா இன்னும் குடிசையிலதான் கீது. மழைக்கு ஒழுவுது. போளூர்ல ஒரு ஆசாரிய கேட்டுக்கினேன், ஒனக்குப் பதிலா வந்து தச்சுக் கழிச்சுத் தர்றேன்னாரு. அம்மா வேணான்னுது. நீயே சொல்லுண்ணா."

நான் உடனே ஒத்துக்கொண்டேன். ஆகிற செலவை அனுப்புகிறேன், நாளைக்கே கூட்டிப்போய்க் கழித்துவிடு என்றேன். போனை அம்மா வாங்கிவிட்டாள். கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்று கத்திப் பேசினாள்.

"நல்லாக்கிறியாப்பா? நீ ஒண்ணும் பணம் அனுப்பாத. அந்தத் தச்சு இருந்துட்டுப் போவட்டும்."

"மழைல நனையிறியேம்மா."

"எனக்கு இன்னா, நனஞ்சா காஞ்சிடுவேன். அத்தக் கழிச்சிட்டா, ஒனக்கு இங்க இன்னாடா இருக்குது?"

லைன் இரைந்தது. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். மறுமுனையில் வெள்ளையன் அலோ அலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது ஜன்னல் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. சட்டங்கள் லாரியில் ஏறிப் போய்விடும், எந்த வீட்டில் பொருந்தின என்று எனக்குத் தெரியாது. கழிக்கும் வேலையும் இல்லை. நான் காலையில் ஏறும் பஸ்ஸை அந்த டிரைவர்தான் ஓட்டுகிறார். தலையசைத்து வணக்கம் சொல்வார். ஒரு வார்த்தை வீட்டுக்கு வா என்று அழைப்பார் என்று நான் காத்திருப்பது அவருக்குத் தெரியாது. நானாகக் கேட்பது முறையில்லை. பஸ் அந்தத் தெருவைக் கடக்கும்போது நான் மாட்டிய கதவு திறந்திருக்கும், பையன் படியில் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தாலும் நான் கைகாட்டுவதில்லை. கைகளை மடியில் வைத்துக்கொள்வேன்.

மலையில் நான் இழைத்த இன்னொரு கதவு இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அம்மா அதைத் திறந்து, சாமை மூட்டைகளுக்கு நடுவே விளக்கேற்றி வைப்பாளாம். பிறகு கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, ஒழுகும் குடிசைக்குப் படுக்கப் போவாளாம்.