மொட்டையன் வந்தால் ஃபேனை நிறுத்தும் ஜாபர் பாய்

போன வியாழக்கிழமை காலை தோசைக்கல்லில் மாவை ஊற்றியபோது ஜாபர் பாயின் மகன் அன்வர் போன் செய்தான். "டீச்சரம்மா, அத்தா போயிட்டாருங்க" என்றான். கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "மூச்சுக்கு ரொம்பப் போராடினாருங்க. நடுவுல நடுவுல 'ஃபேனை நிறுத்து, ஃபேனை நிறுத்து'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. குளிருதான்னு கேட்டா இல்லைனு தலையாட்டுறாரு. ஒண்ணும் புரியாம போர்வைய போத்திவிட்டோம்" என்றான். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தோசை கருகிய வாசனை வீடு முழுக்க இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் வீடியோ கேம் கடை வைத்திருந்தவர் என்றால் உங்களில் பாதிப் பேருக்கு அவரை ஞாபகம் வரும். மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அங்கே நான் சொல்லிக்கொடுத்தேன். கீழே அவர் கடை, இரண்டே மிஷின். அவருடைய அண்ணன் பெரிய ஜவுளிக்கடைக்காரர். "என் தம்பிக்குப் பைத்தியம் புடிச்சி ரெண்டு பொட்டி வாங்கி வச்சிருக்கான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர். கடை ஓடவில்லையென்றால் அவரிடம் போய்த் துணி மடிக்க வேண்டும். "பட்டினி கூட கிடப்பேன் டீச்சரம்மா, அண்ணன் முன்னாடி கை கட்டி நிக்க என்னால ஆவாது" என்பார் பாய்.

ஒரு மிஷினில் கார் ஓட்டலாம். இன்னொன்றில் ஒரு சிப்பாய் ஓடி ஓடிச் சண்டை போட்டுக் கடைசியில் ஒரு கோட்டைக்குள் நுழைவான். அங்கே இரும்புத் தடியோடு ஒரு தடியன் நிற்பான். இன்று என் பேரன் அப்படிப்பட்டவனை 'பாஸ்' என்கிறான். எங்களுக்கு அவன் மொட்டையன். எவனாவது மொட்டையனிடம் போய்ச் சேர்ந்தால் பாய் உடனே எழுந்து ஃபேனை நிறுத்துவார், கார் மிஷினை நிறுத்துவார், டியூப்லைட்டையும் அணைப்பார். நம் ஊர் வோல்டேஜ் அந்த லட்சணம். கொஞ்சம் இறங்கினாலும் படம் சுருங்கி ஆடும். கார் ஓட்டிக்கொண்டிருந்தவன் சண்டைக்கு வந்தால், "உனக்கு அப்புறம் காசில்லாம ஒரு ஆட்டம் விடுறேன், இப்ப வாயை மூடு" என்பார். வேர்த்து வழிய அத்தனை பேரும் இருட்டில் நிற்பார்கள். "தோத்தா அவன் தப்பால தோக்கணும். கரண்டால தோத்தான்னா அந்தப் பாவம் எனக்கு" என்பது அவர் பேச்சு.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நானும் ஆடுவேன். பெண்பிள்ளை வீடியோ கேம் ஆடுகிறாள் என்று எதிர்க்கடைக்காரர் முறைப்பார், முறைத்துவிட்டுப் போகட்டும். டைப் அடித்துப் பழகிய விரல் என்ற திமிர் எனக்கு. படபடவென்று அடிப்பேன். மொட்டையன் ஒரே போடு போட்டுக் கதையை முடித்துவிடுவான். "இது ஏமாத்து மிஷின், பாய்!" என்று ஒருநாள் கத்தினேன். அவர் சிரிக்கவில்லை. "இல்லீங்க டீச்சரம்மா. அவன் ஏமாத்தவே மாட்டான். அடிக்காதீங்க, கொஞ்ச நேரம் சும்மா பாருங்க" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எத்தனையோ தடவை செத்த பிறகுதான் கண்ணில் பட்டது: தடியை ஓங்குவதற்கு முன்னால் மொட்டையன் இடது குதிகாலை லேசாகத் தூக்குகிறான். அட, சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறான்! நான் திரும்பிப் பார்த்தபோது பாயின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்.

பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதுக் கடை திறந்தார்கள். வரிசையாகப் புது மிஷின்கள். பாய் கடையில் கூட்டம் கரைந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் பழனியின் கோஷ்டி மட்டும் மிச்சம். அவனும் ஒருநாள் லீவரை உதறிவிட்டு, "இவன் சாவவே மாட்டானா பாய்? நாங்க அந்தக் கடைக்கே போறோம்" என்றான். அன்றைக்கென்று அண்ணனும் வாசலில் வந்து நின்று, "கடைய எப்ப மூட்டை கட்டப் போற?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாய்க்குக் கை கால் ஓடவில்லை. மிஷினின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன சுவிட்ச். கீழே தள்ளினால் மொட்டையனின் பலம் பாதியாகிவிடும். தள்ளிவிட்டார்.

மறுநாள் பழனி இரண்டாவது ஆட்டத்திலேயே மொட்டையனைச் சாய்த்தான். தெருவே அதிரக் கத்தினார்கள். அடுத்து அவன் கூட்டாளி சாய்த்தான். அடுத்து இன்னொருத்தன். நாலாவது ஆள் ஜெயித்தபோது யாரும் கத்தவில்லை. பழனி பாயின் முகத்தைப் பார்த்து, "அவ்ளோதானா?" என்று கேட்டான். அவ்வளவுதான், அதன் பிறகு யாரும் வரவில்லை. பாய் சுவிட்சைப் பழையபடி மேலே தள்ளினார், ஆனால் ஆட ஆள் வேண்டாமா? நான் படியிறங்கி வந்தபோது மிஷினில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "அவங்க ஜெயிக்கல டீச்சரம்மா, நானே அவனைக் கொன்னுட்டேன்" என்றார். எனக்கும் அழுகை வந்தது.

என்ன மனுஷன் பாருங்கள், மறுநாளே பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போய்ப் பழனியிடம், "நீ ஜெயிச்சது பொய்ப்பா, நான்தான் சுவிட்சை இறக்கி வச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவன் கண்டபடி திட்டியிருக்கிறான். வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டான்.

கடையைக் காலி செய்த சாயங்காலம், சாமான் ஏற்ற அண்ணன் மாட்டுவண்டியோடு வந்து நின்றார். "கடைசியா ஒரு ஆட்டம், பாய்" என்றேன். அண்ணன் முனகினார், பாய் காதில் வாங்கவில்லை. வழியில் எத்தனை தடவை அடிபட்டேனோ, ஒரே ஒரு உயிரோடு மொட்டையனிடம் போய்ச் சேர்ந்தேன். ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. குதிகாலைப் பார்த்தேன், விலகினேன், அடித்தேன். திரும்பவும் பார்த்தேன். கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது. பக்கத்தில் அண்ணன்கூட மூச்சுவிடவில்லை. மொட்டையன் மண்டி போட்டு, தடியைக் கீழே போட்டு, குப்புற விழுந்தான்.

நான் கத்துவதற்குள் பாய் மிஷினின் பின்னால் ஓடினார். பின்பக்கத்தைத் திறந்து, தீக்குச்சியைக் கிழித்து உள்ளே பார்த்தார். "மேலதான் இருக்கு, டீச்சரம்மா! சுவிட்ச் மேலதான் இருக்கு! நிஜமாவே ஜெயிச்சிட்டீங்க!" என்று குழந்தை மாதிரி குதித்தார். அப்புறம் மிஷினை வண்டியில் ஏற்றினார்கள். அடுத்த வாரத்திலிருந்து, கண் மங்கி வீட்டோடு உட்காரும்வரை, அண்ணன் கடையில் துணி மடித்தார். எப்போது போனாலும் எனக்கு எழுந்து நின்று புடவை எடுத்துப் போடுவார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் அன்வரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்குக் குளிரவில்லையப்பா, எதிரே மொட்டையன் வந்து நின்றிருக்கிறான், அதுதான் ஃபேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் என்றேன். "நிறுத்தியிருக்கலாமே, டீச்சரம்மா" என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

வாழ்க்கையில் நான் என்னென்னவோ ஜெயித்ததாக ஊர் சொல்கிறது. சுவிட்ச் மேலே இருந்ததா என்று யாரும் எனக்குப் பார்த்துச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, தீக்குச்சி வெளிச்சத்தில் ஒருவர் பார்த்துச் சொன்னார். அந்த ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.