பின்பலகைக்குள் இருந்த கடிதம்

"தங்கள் கணவரின் கண் நிறத்தைத் தாங்கள் எழுதவில்லை. புகைப்படத்திலும் தெரியவில்லை. பதில் வரும்வரை பழுப்பாக விட்டிருக்கிறேன்."

ஒஸ்லோவில் நான் படங்களுக்குச் சட்டகம் போட்ட பட்டறையில், 2004 மார்ச் 11, வியாழக்கிழமை, ஒரு பழைய ஓவியத்தின் பின்பலகையைக் கழற்றியபோது விழுந்த ஆங்கிலக் கடிதம் இது. எழுதியவர் விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் உருவப்படமும் இயற்கைக் காட்சியும் வரைந்து பிழைத்தவர். திகதியில் ஆண்டு கிழிந்துபோயிருந்தது.

ஓவியத்தைக் கொண்டுவந்தவர் நோர்வேயின் துறைமுக நகரான திராமனைச் சேர்ந்த மரித் அம்மையார். செவ்வாயன்று அவர் நோர்வே மொழியில் சொன்னது, எங்கள் பேச்சில்:

"இவர் எங்கடை பூட்டன், கப்பல் கப்டன் எண்டு சொல்லுவினம். ஆனா படத்திலை பழுப்புக் கண், வீட்டிலை எல்லாருக்கும் நீலக் கண். ஆரோ பிறத்தி ஆள், விப்பம் எண்டு தம்பி நிக்கிறான். ஞாயிறு முடிவெடுக்கிறம்."

வாசித்த புத்தகங்களின் மிதப்பில், பலகையைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னேன்: "பின்னாலை இங்கிலாந்து வயல். கப்பல்காரன் ஏன் அங்கை நிண்டவர்? உங்கடை ஆள் இல்லைப் போல."

கடிதமோ திராமனில் இருந்த கப்டனின் விதவைக்கு எழுதியது. செத்தவரைப் புகைப்படம் பார்த்து வரைவது அக்காலச் சிற்றூர் ஓவியர்களின் வழக்கம். பின்னணிக்குத் தம் ஊர் வயலையே போட்டுவிட்டார்.

எங்களுடன் வேலை செய்த, பழைய ஓவியங்களைச் செப்பனிடும் சென்னைக்காரி செல்வி சொன்னாள்:

"அண்ணே, பிரேம் மறைச்ச ஓரத்தைப் பாருங்க. கண்ணுக்குன்னு நீலம் கலந்து தொட்டுப் பாத்திருக்கார் போல."

"பிறகேன் பூசேல்லை?"

"பதில் வரலையோ என்னவோ. வந்து, பழுப்புதான்னு எழுதியிருந்தாலும் எழுதியிருக்கலாம்."

"ஒரு முடிவைச் சொல்லும் பிள்ளை."

"முடிவு சொல்றதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. மொதல்ல அந்தம்மாவுக்குப் போன் போடுங்க."

போட்டேன். என் பிழையையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப நீலமாக்கித் தருவியளோ?"

"அந்த மனுசன் காத்திருந்த பதில் எங்களிட்டையும் இல்லை, அம்மா."

கடிதத்தை மடித்தார். "அப்பிடியே விடுங்கோ. தம்பிக்கு நான் வாசிச்சுக் காட்டுறன். விக்க விடமாட்டன்."

புதிய சட்டகம் போட்டு, கடிதத்தை உறையிலிட்டுப் பின்னால் வைத்தேன். அதன்பின், பின்பலகையைத் திறக்கும் முன் எந்தப் படத்தைப் பற்றியும் நான் வாய் திறந்ததில்லை.

விதவை பதில் எழுதினாரா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.