அக்காவின் மூன்று கண்ணாடிகள்

அக்காவுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். பிடிவாதத்தில் மட்டும் அவள் எனக்கு இருபது வயது மூத்தவள். கூட்டங்களில் பேசியதை ஒலிப்பதிவில் கேட்டு, வரி பிசகாமல் தட்டச்சு செய்து கொடுக்கும் சின்ன அலுவலகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறாள். முதலாளியும் அவளும் மட்டும்தான். காதில் ஹெட்போனை மாட்டினால் வீடு தீப்பிடித்தாலும் தெரியாது. அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

முதலாளி இரண்டு கம்ப்யூட்டர்களையும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றினாரோ இல்லையோ, பிடித்தது வினை. அக்காவுக்குத் திரையில் எழுத்தெல்லாம் எலி கடித்ததுபோல் தெரிந்தது. அவரிடம் சொன்னாள். "எனக்கு எப்பவும் போலத்தானேம்மா தெரியுது" என்றார். அப்படியென்றால் கோளாறு தன் கண்ணில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். கண் டாக்டர் ஒன்றுமே இல்லை என்றார். "அவருக்கே கண்ணு சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு, கடையில் தொங்கிய கண்ணாடிகளை வாங்கி மாட்டிக்கொண்டாள். எட்டு மாதத்தில் மூன்று! கண்ணுக்கு ஓய்வு என்று வீட்டில் செய்தித்தாளைக்கூடத் தொடுவதில்லை. வாயைக் கிளறினால் அழுகைதான். எனக்கு ஆத்திரமாக வரும், பாவமாகவும் இருக்கும்.

கடைசியில் வேலையை விடுவதென்று கடிதம் அடித்தாள். மேசைச் சாமான்களைத் தூக்கிவர என்னையும் கூட்டிப் போனாள். அங்கே தட்டச்சு செய்ததெல்லாம் தாளில் ஏறாமல் கம்ப்யூட்டர் வழியாகவே போய்விடும். பிரிண்டர் தூசி படிந்து கிடந்தது. கையெழுத்துப் போடத் தாள் வேண்டுமே என்று அதைத் தட்டி எழுப்பினாள். வெளியே வந்த தாளை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், ஒவ்வொரு எழுத்தும் பளிச்சுனு தெரியுதுடி!"

"கண்ணாடி எங்கக்கா?"

நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

"அப்ப என் கண்ணுல ஒண்ணுமில்ல. எல்லாம் இந்தப் பெட்டி பண்ற வேலை!"

அடுத்த அரைமணி நேரம் அவளிடம் யாரும் பேச முடியவில்லை. எழுத்துரு அமைப்பைத் தேடித் திறந்தாள். எழுத்தின் ஓரங்களை வழவழப்பாக்கும் வசதி அணைந்து கிடந்தது. வளைவுகளைத் திரையின் கட்டங்களுக்குள் இழுத்துப் பிடிக்கும் வசதியோ முழு அளவில் இருந்தது. முன்னதைப் போட்டாள், பின்னதை லேசாகக் குறைத்தாள். சுழியெல்லாம் சுழியாகவும் கொம்பெல்லாம் கொம்பாகவும் நின்றன. எட்டு மாதத்துக்குப் பிறகு அக்கா சிரித்தாள்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "அதை நான்தாம்மா அணைச்சு வச்சேன். பழைய மெஷினாச்சே, வேகம் குறையுமேன்னு." சொல்லிக்கொண்டே பிரிண்டர் மேல் கிடந்த கடிதத்தை எடுத்தார். நான் தடுக்க எட்டுவதற்குள் அது அவர் கைக்குப் போய்விட்டது. அவர் தாளைக் கிட்டே வைத்தார், கையை நீட்டித் தள்ளி வைத்தார், ஜன்னல் வெளிச்சத்திலும் காட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஒண்ணும் புரியல. நீயே படியேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தாளை வாங்கிக் கணீரென்று படித்தாள். "சார், பதினோரு வருஷமா அதே நாற்காலி. முதுகு போயிடுச்சு. புதுசு ஒண்ணு வேணும்."

"இதுக்குப் போய் லெட்டரா? வாங்கிட்டாப் போச்சு!"

அக்கா பையைத் துழாவி, மூன்று கண்ணாடிகளில் பவர் கூடியதை எடுத்து அவரிடம் நீட்டினாள். மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தவர் வாயைப் பிளந்தார்.

"அடேயப்பா! எழுத்துன்னா இப்படியா இருக்கும்? எங்கே, அந்த லெட்டரைக் குடு, நானே படிக்கிறேன்."

அது அதற்குள் நாலாகக் கிழிந்து என் கைப்பைக்குள் போயிருந்தது.