தீ வைக்கும் வெர்னா

வெர்னா சட்டைப் பையிலிருந்து காட்டு எருக்கம் பஞ்சை எடுத்து ஊதிவிட்டு, அது போகும் திக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காற்றளக்கும் கருவி இடுப்பில் தொங்குகிறது. அதை அப்புறம்தான் பார்ப்பாள். பஞ்சும் கருவியும் ஒரே பேச்சுப் பேசினால்தான் எரியெண்ணெய் சொட்டும் மூடிபோட்ட பந்தத்தைக் கையில் எடுப்பாள்.

அறுபத்தொரு வயது. காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்; நடுவில் கிடைக்கும் நேரத்தில், விஸ்கான்சினின் ஏப்ரல் வெயிலில், அடுத்தவர் நிலத்துக்குத் தீ வைக்கிறாள். கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஓக் காடு பிழைக்க அதுதான் வழி. தடித்த பட்டை ஓக்கைக் காப்பாற்றிவிடும். அடியில் மண்டி நிழல் கட்டும் மேப்பிளும் புதரும் கருகிப்போகும். தரையில் வெயில் பட்டால்தான் ஓக் விதை தலையெடுக்கும். "தீயில்லாட்டி இது காடா? இருட்டறை!" என்பாள்.

தீயை ஒத்திப்போடுவதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. கூட வேலை செய்யும் கார்டி வைத்த பெயர் 'நாளைக்கு வெர்னா'.

"ஏம்மா, உன் கல்யாணத்தையும் இப்படித்தான் தள்ளிப்போட்டியா?"

"மூணு தடவ. அந்த மனுஷன் பொறுத்துக்கிட்டான்ல, நீயும் பொறு."

ஊர்க் காடெல்லாம் துளிர்த்தாயிற்று. அவளுடைய சொந்தச் சரிவுக் காடு மட்டும் இருண்டு கிடக்கிறது. இருபத்து மூன்று வயதில் அவள் கொளுத்திய வரப்புப் புல், காற்று திரும்பி, பக்கத்து நிலத்திலிருந்த அவள் அண்ணன் டுவெய்னின் கொட்டகைக்குப் பாய்ந்தது. பதினொரு கன்றுக்குட்டிகள் போயின. "என் வேலியோரம் தீக்குச்சி உரசாத" என்றான் அண்ணன். முப்பத்தெட்டு வருஷமாக அவளும் உரசவில்லை. சட்டப்படி அவன் சம்மதம் தேவையில்லைதான். அவளுக்குத் தேவைப்பட்டது.

இந்த ஏப்ரலில் அவனுக்கு என்ன தோன்றியதோ, "செவ்வாக்கிழம ஒரு நாள் தரேன். அதோட சரி, திரும்பக் கேக்கப்படாது" என்றான்.

செவ்வாய்க்கிழமை பஞ்சு நேராகப் பறந்து, தயங்கி, டுவெய்னின் வைக்கோல் கொட்டகைப் பக்கமாகத் திரும்பியது. கருவியைப் பார்த்தாள். அதன் கணக்கில் எல்லாம் எல்லைக்குள்தான் இருந்தது.

"தாராளமாக் கொளுத்தலாம். இன்னிக்கி விட்டா உங்கண்ணன் மறுபடி வாயத் தொறப்பாரா?" என்றான் கார்டி.

அவள் சரிவை ஏறிட்டுப் பார்த்தாள். இளம் ஓக் ஒன்றுகூட இல்லை. இருக்கிற கிழட்டு மரங்களும் சாய்ந்தால் எல்லாம் முடிந்தது. பந்தத்தின் மூடியை இறுகத் திருகி மூடினாள்.

"அண்ணே, இன்னிக்கி வேணாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் டுவெய்ன் புருவம் சுருக்கினான். "காத்து ஒண்ணும் பெரிசா இல்லியே?"

"உங்க கொட்டாப் பக்கம் திரும்புது."

அவன் வேலியை விட்டுத் திரும்பிப் போய்விட்டான். போச்சு, கிடைத்த ஒரு நாளும் போச்சு என்று அவள் தீயணைக்க விரித்திருந்த தண்ணீர்க் குழாய்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

பத்து நிமிடத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. மூன்று வருஷம் பாடுபட்டு வளர்த்த தீவனப் புல்லில் டுவெய்ன் கலப்பையை இறக்கி, வேலியை ஒட்டி நீளக் கிழித்துக்கொண்டு வந்தான். எட்டடி அகலத்துக்கு வெறும் மண். தீ பற்றித் தாண்ட அங்கே ஒன்றுமில்லை.

"அடுத்த வாரம் காத்து சரியா இருந்தாச் சொல்லு," என்றான், முகத்தைத் திருப்பாமல்.

வெர்னா வேலியைத் தாண்டினாள். புரண்ட கட்டிகளில் காய்ந்த புல் ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்காதபடி, ஒவ்வொன்றாக மிதித்து அமுக்கிக்கொண்டே, டிராக்டருக்குப் பின்னால் நடந்தாள்.