அம்மா சரி என்று சொன்ன வெள்ளிக்கிழமை

எனக்கு மனசுக்குள் படித்தால் எதுவும் ஏறாது. வாய்விட்டுப் படிக்க வேண்டும். எதிரே ஒருவர் உட்கார்ந்து அதை மறுத்துப் பேசவும் வேண்டும். அப்போதுதான் எனக்குச் சூடு ஏறும், விடாமல் வாதாடுவேன், வாதாடியது பிறகு மறக்காது. மறுத்துப் பேச எங்கள் அம்மாவைவிடத் தோதான ஆள் செமிலிங் வட்டாரத்திலேயே கிடையாது. மழை பெய்கிறது என்றால்கூட, "இது மழையா? சும்மா தூத்தல்" என்பாள்.

தாதியர் படிப்பை முடித்துவிட்டேன், லைசன்ஸ் பரீட்சை மட்டும்தான் பாக்கி. ஒரு முறை எழுதிக் கோட்டை விட்டிருந்தேன். பாடம் தெரியாமல் இல்லை. 'இந்த நோயாளிக்கு முதலில் என்ன செய்வாய்?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விகளில்தான் வழுக்கினேன். நோயாளி என்ற சொல்லைக் கண்டதுமே என் கை பரபரக்கும். ஊசி போடு, ஆக்சிஜன் வை, டாக்டரைக் கூப்பிடு என்று எதையாவது தொட்டுவிடுவேன். சரியான விடை பெரும்பாலும் நான் தாண்டிப் போன வரியில் சாதுவாக உட்கார்ந்திருக்கும்: முதலில் நோயாளியைப் பார்.

அப்போது சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தேன். படுக்கை மாற்றுவது, உடம்பு துடைத்துவிடுவது, சக்கர நாற்காலி தள்ளுவது என் வேலை. இந்த முறை தேறினால் தாதி வேலை உனக்குத்தான் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "இன்னும் மிஸ்ஸி ஆவலையா?" என்று எங்கள் தாமான் குடியிருப்பில் கேட்காத வாய் இல்லை. "ஆயிக்கிட்டே இருக்கேன்லா" என்று சொல்லிவிட்டு மோட்டோவை முறுக்கிக்கொண்டு போய்விடுவேன்.

அம்மாவுக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதியும் உண்டு, பிரஷரும் உண்டு. அதனால் அந்த இரண்டு பாடங்களுக்கும் எனக்குப் புத்தகத்தோடு ஆளும் கிடைத்தது. அவளுடைய மாத்திரை விஷயத்தில் நான் போலீஸ். ஒரு வேளை மறந்தாலும் வீட்டில் அனல் பறக்கும். "உலகமே அழிஞ்சாலும் மாத்திரைய மட்டும் விடக் கூடாது" என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். சீனியையும் வீட்டை விட்டே துரத்தியிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு ஓய்வு நாள். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. காலையில் பிடித்த மழை மத்தியானம் வரை விடவில்லை. வீடு குளுகுளுவென்று இருந்தது, மேலே மின்விசிறி வேறு ஓடியது. அப்பா கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவர். காலை நடையை முடித்துவிட்டு, அடுத்த நடைக்கு முன்னால் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவள் காலடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

இரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போனால் என்ன ஆகும் என்பதுதான் அன்றைய பாடம். ஏறுவதைவிட இறங்குவது பொல்லாதது. ஏறினால் நமக்குக் கொஞ்சம் நாள் கொடுக்கும். இறங்கினால் நிமிஷங்கள்தான் கொடுக்கும்.

"மா, கேட்டுக்க. சீனி எறங்குனா நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும், கோவம் வரும். ஆனா சில பேரு பிரஷருக்கு நெஞ்சுத் துடிப்ப அடக்குற மாத்திர சாப்புடுவாங்கல்ல, ஒன்னைய மாதிரி? அவங்களுக்குப் படபடப்பும் தெரியாது, நடுக்கமும் தெரியாது. அந்த மாத்திர அதெல்லாத்தையும் அமுக்கிரும். வேர்வை மட்டும்தான் காட்டிக் குடுக்கும்."

இந்த இடத்தில் அம்மா, "ஏன், வேர்வைய அமுக்க மட்டும் அதுக்குத் துப்பு இல்லையாக்கும்?" என்று கேட்டிருக்க வேண்டும். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது என்று பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அம்மா, "சரி" என்றாள்.

நான் பக்கத்தைத் திருப்பினேன். திருப்பிய கை அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் கோபத்தை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது, அது தினப்படி சமாச்சாரம். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் 'வழக்கத்துக்கு மாறான நடத்தை' என்று ஒரு வரி இருந்தது. எங்கம்மா ஒத்துக்கொள்வதைவிட வழக்கத்துக்கு மாறாக வேறு என்ன நடந்துவிடும்? சந்தேகத்துக்குச் சோதித்துப் பார்த்தேன்.

"மா, ஒன் ரசத்தவிட கடை ரசம் நல்லாருக்கு."

"சரி."

 கால் உடனே துள்ளியது, ஓடு, எதையாவது எடு என்று. உட்காரடி, முதலில் பார், என்று என்னையே அதட்டிக்கொண்டேன். பார்த்தேன். கீரைக் காம்பெல்லாம் பாத்திரத்தில் கிடந்தது, இலையெல்லாம் குப்பைக் காகிதத்தில் கிடந்தது. அவள் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்த்திருந்தது, அந்த மழையில், அந்த மின்விசிறிக்கு நேர் கீழே. கழுத்தைத் தொட்டேன், சில்லென்று ஈரமாக இருந்தது. நாடியைப் பிடித்தேன். அது ஒன்றுமே நடக்காதது போல நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது, படுபாவி.

"மா, நான் யாரு?"

"நீதான்... அதான்."

"எச்சிய முழுங்கு பாப்போம்." முழுங்கினாள். விரலில் குத்தி மீட்டரில் வைத்தேன். எங்கள் ஊர் மீட்டர் கணக்கில் நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. அவளுக்கு மூன்றுகூட இல்லை.

"பா! சீனி கொண்டாங்க!"

வீட்டில்தான் சீனியே இல்லையே என்று சொல்ல வேண்டிய மனிதர், நேரே எழுந்து போய், அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்துவந்தார். டின் நிறையச் சீனி. அந்த விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, கரண்டி கரண்டியாகத் தண்ணீரில் போட்டுக் கலக்கி அம்மாவின் வாயருகே கொண்டுபோனேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெளக்கு வைக்கல."

"என்னது?"

"வெளக்கு வைக்கல இன்னும். இதெல்லாம் குடிக்கக் கூடாது."

பல்லை இறுக்கிக்கொண்டாள். கட்டாயப்படுத்தி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், அதையும் அதே வாரம்தான் படித்திருந்தேன். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அதற்குள் அப்பா சாமி மேடைக்குப் போனார், எண்ணெய் ஊற்றினார், விளக்கை ஏற்றினார், மணியை எடுத்து நன்றாக ஆட்டினார்.

"வெளக்கு வெச்சாச்சு. குடி" என்றார்.

மணிச் சத்தம் கேட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு குடித்தாள். அப்போது மத்தியானம் மூன்று மணி.

காத்திருந்த அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, மிச்சத்தை அப்பாவின் முகமே சொன்னது. அம்மா எனக்காக விரதம் இருந்திருக்கிறாள். நான் பரீட்சையில் தேற வேண்டும் என்று மெர்போக் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் எஸ்டேட் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறாள், ஏனென்றால் உலகமே அழிந்தாலும் விடக் கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள். சீனியை இறக்குகிற மாத்திரை காலியான வயிற்றுக்குள் போய் வேறு எதை இறக்கும்? ஆத்தாவுக்கும் கீழ்ப்படிந்து எனக்கும் கீழ்ப்படிந்தால் இப்படித்தான் ஆகும்.

செய்த வைத்தியம் பலித்ததா என்று பார்ப்பதுதான் எங்கள் பாடத்தில் கடைசிப் படி. மீட்டரை எடுப்பதற்கு முன்பே அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"பொழுதே சாயல. எந்தக் கூறுகெட்ட மனுசன் இந்நேரத்துக்கு வெளக்கு வெச்சது?"

நோயாளி சண்டை போடுகிறார், நிலைமை திருப்தி. அந்த வசவைக் கேட்டு நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

சோறு போட்டுச் சாப்பிட வைத்த பிறகு விசாரணை தொடங்கியது. முதலில் அப்பா மாட்டினார். "ஒங்கம்மா அவ சோத்தையும் சேத்து என் டிபன்ல கட்டிருவா. நா என்னத்தச் செய்ய? கீழ கொட்டவா முடியும்?" என்றார். சமீபமாக அவர் சட்டைப் பொத்தான்கள் ஏன் திணறின என்று எனக்குப் புரிந்தது. அடுத்து அம்மா பக்கம் திரும்பினேன். என் வாயிலிருந்து என்னென்ன வந்ததோ, எனக்கே நினைவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்:

"போன தடவ பெயிலானப்ப நீ அந்த மூலையில சுருண்டு கெடந்த. நான் பாத்துக்கிட்டே நின்னேன். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஒன் புத்தகம் தெரியாது. விரதம் இருக்கத் தெரியும். தெரிஞ்சதத்தானேடி செய்ய முடியும்?"

 அவள் அதோடு விடவில்லை. "இப்ப முறிஞ்சு போச்சு. நீ பெயிலானா அது என்னாலதான்."

அங்கேதான் எனக்கு மறுபடி சூடு ஏறியது. "ஒன் விரதம் இல்லாமலே பாஸ் பண்ணிக் காட்டுறேன். பாஸாயிட்டா, இனி மாத்திர போடுற நாள்ல வெறும் வயித்துல இருக்க மாட்டேன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணு."

"பெயிலானா?"

வாய் முந்திக்கொண்டது. "பெயிலானா நீ என்ன வேணும்னாலும் இரு. நா வாயத் தொறக்க மாட்டேன்."

"அப்ப அடுத்த பரீட்சைக்கு ஒரு மண்டலம் பூரா இருப்பேன். பேச்சு மாறக் கூடாது."

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் பந்தயம் கட்டியது லைசன்ஸை வைத்து அல்ல, அம்மாவை வைத்து. அவள் சொன்னதைச் செய்கிறவள், அதிலும் ஒளித்துச் செய்யத் தெரிந்தவள்.

அந்த மாத்திரை இலேசில் விடாது, ஏறிய சர்க்கரையை மறுபடியும் இறக்கும். அதனால் படுக்கப் போகும்வரை அவளைக் குத்திக் குத்திப் பார்த்தேன். மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார், ஏசுவதில் குறை வைக்கவில்லை. வெளியே வந்து, "ஒன்னையத்தான் ஏசுனாரு" என்றாள் அம்மா.

அடுத்த இரண்டு வாரமும் எங்கள் வீடு யுத்தகளம். நான் நெருப்புக் காயம், சிறுநீரகம், பிரசவம், மருந்துக் கணக்கு என்று வரிசையாக எடுத்தேன்; அம்மா எதிரே உட்கார்ந்து பசியாறிக்கொண்டே மறுத்தாள். ஒவ்வொரு வாயையும் எனக்குக் காட்டிக் காட்டி முழுங்கினாள். "மூச்சுத் திணறுனா முதல்ல நிமுத்தி உக்கார வைக்கணும்" என்றால், "அதுக்கு எதுக்கு மூணு வருசம் படிப்பு?" என்பாள். எனக்குப் பயம் இல்லை. முதலில் பார் என்பது அதுவரை எனக்குப் புத்தகத்து வாசகம். இப்போது அது என் விரல் நுனியில் சில்லென்று ஈரமாக ஒட்டியிருந்தது, பரீட்சைக்கு அது போதும் என்று நம்பினேன்.

பரீட்சை அன்று அப்பா தொழிற்சாலை பஸ்ஸிலேயே என்னைக் கொண்டுபோய் இறக்கினார். அத்தனை பெரிய பஸ்ஸிலிருந்து நான் ஒருத்தி இறங்குவதை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். இனிப்பு நீரைப் பற்றி வந்த ஒரே கேள்வியும் காலில் வரும் புண்ணைப் பற்றி. ஆனால் 'முதலில் என்ன செய்வாய்' கேள்விகள் கொட்டிக் கிடந்தன. வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் கடைசி எழுத்து வரை படித்தேன். வெளியே வரும்போதே தேறிவிட்டேன் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முடிவு வரும்வரை ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அம்மாவின் தட்டைத்தான் முதலில் பார்த்தேன்.

தேறிவிட்டேன். கைப்பேசியில் பார்த்ததும் வார்டுக்கு வெளியே நின்று அம்மாவுக்குத்தான் முதலில் போன் அடித்தேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளி, மெர்போக் அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் புறப்பட்டோம். பொங்கல் வைக்கிற பெண் படையல் முடியும்வரை எதையும் பல்லில் படவிட மாட்டாள். அம்மா என் நினைவு தெரிந்து ஒரு முறைகூட அதை மீறியதில்லை. நான் காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தியத்தை எப்படி ஞாபகப்படுத்துவது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அடுப்படி வாசலில் நின்றேன். பட்டுச்சேலையோடு அம்மா அடுப்பருகே நின்றபடியே ஒரு தோசையை எடுத்துப் பிய்த்துத் தின்றாள். இன்னொன்றையும் எடுத்தாள். ஆத்தாவுக்கு முன்னால் அவள் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன். 

"என்ன முழிக்கிற? ஆத்தாகிட்ட பேசிட்டேன். எம்மக இப்ப மிஸ்ஸி, அவ பேச்சக் கேக்கலன்னா ஊசி போட்ருவான்னு சொன்னேன்" என்றாள். என்னை அவள் மிஸ்ஸி என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை.

"இந்தா, இதப் போடு. அங்க போயி சக்கரப் பொங்கல ஒரு வாய்க்கு மேல தொடக் கூடாது."

"சரி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை தானாகப் போய் அவள் மேலுதட்டைத் தடவிப் பார்த்தது. காய்ந்துதான் இருந்தது.

"என்னடி, ஒரு மனுசி ஒரு தடவ சரின்னு சொல்லக் கூடாதா?" என்று என் கையைத் தட்டிவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பொங்கல் பானையோடு அப்பாவின் பஸ்ஸில் ஏறினாள்.