கோப்பைக்குக் காப்புக் கட்டிய கங்காணி

மலாயாவில் கோப்பெங்கிலிருந்து மாட்டு வண்டியில் போனால் அரை நாளில் ஈயக்குட்டைத் தோட்டம் வரும். அந்தத் தோட்டத்துக்குப் பெரிய கங்காணி உடையப்பன். முதலில் மீசை வரும், பிறகு கம்பு வரும், பிறகு அதட்டல் வரும். இதெல்லாம் வந்து சேர்ந்து, நாம் ஒரு வெற்றிலை போட்டு முடித்த பிறகுதான் ஆள் வருவார்.

சிவகங்கைப் பக்கத்தில் ஆடு மேய்த்தவர். கப்பலில் வரும்போது நடுக்கடலில் புயல் அடித்ததாம். கப்பல்காரன் ஓடி வந்து, "உடையப்பா, இப்போ என்ன செய்யலாம்" என்று இவரிடம் யோசனை கேட்டானாம். கூட வந்தவர்களைக் கேட்டால் வேறு கதை. நாகப்பட்டினத்தில் குப்புறப் படுத்த மனிதர் பினாங்கில்தான் நிமிர்ந்தார் என்பார்கள்.

கொஞ்ச காலம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். பிறகு ஊருக்குப் போய், மரத்தைக் கீறினால் பால், பாலைக் காய்ச்சினால் பவுன் என்று புளுகி, பங்காளி, பங்காளிக்குப் பங்காளி என்று ஒரு கூட்டத்தையே கப்பலேற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மகிழ்ந்துபோய்க் கையில் கம்பைக் கொடுத்துக் கங்காணியாக்கினார். அந்தக் கம்பு வந்த நாளிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. தரை நாலு விரற்கடை கீழே இருந்தது.

அவர் போட்ட முதல் சட்டம் இது. கங்காணி எதிரில் வந்தால் கூலிக்காரன் பாதையை விட்டு இறங்க வேண்டும். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். தலையைத் தொங்கப்போட வேண்டும்.

"எனக்கு மட்டும் இல்லடா" என்பார். "எந்தத் தோட்டத்துக் கங்காணி வந்தாலும் இதே மருவாதிதான். கங்காணின்னா கங்காணி. வெளங்குச்சா."

ஒன்பது வருடம் எங்களுக்கு இதே பாடம். தூக்கத்தில் கங்காணி கனவில் வந்தாலும் பாயை விட்டு இறங்கித் தரையில் படுத்தவர்கள் நாங்கள்.

இப்போது பந்துக் கதைக்கு வருகிறேன். எங்கள் துரையும் பக்கத்து மூங்கில் தோட்டத்துத் துரையும் சீமையில் படித்தவர்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் இல்லை. ஓர் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு யுனிவர்சிட்டி, அந்தக் கரையில் ஒரு யுனிவர்சிட்டி. இவர் இங்கே, அவர் அங்கே. வருடா வருடம் இரண்டும் பந்து உதைத்து ஒரு கோப்பைக்காக அடித்துக்கொள்ளுமாம். இரண்டு துரைகளையும் உட்காரவைத்து என்ன படித்தீர்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். எந்த வருடம் யார் எத்தனை கோல் போட்டார் என்று கேட்டால் விடிய விடியச் சொல்லுவார்கள். படிப்பு என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்.

இங்கேயும் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஓர் ஓடை ஓடியது. அதைப் பார்த்ததும் துரைகளுக்குச் சீமை ஞாபகம் வந்துவிட்டது. ஈப்போவில் சொல்லி, இரண்டு பக்கமும் காது வைத்த ஒரு வெள்ளிக் கோப்பை செய்யச் சொன்னார்கள். தாங்களே ஓடி உதைக்கலாம் என்றால் இரண்டு தொந்தியும் இடம் கொடுக்கவில்லை. அதனால் நாங்கள் உதைக்க வேண்டும், அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் வருடம் 1924. மூங்கில் தோட்டத்து ஆட்கள் மொத்தமும் மலேரியாக் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். எதிரில் ஓர் ஈ காக்கை இல்லை. காலிக் கம்பத்துக்குள் பந்தை உதைக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் ஆட்கள் அதையும் மூன்று தடவை தவறவிட்டு, நாலாம் தடவை ஒரு மாதிரி உள்ளே தள்ளினார்கள். கோப்பை எங்களுக்கு.

உடையப்பன் அதைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் அதில் கள் ஊற்றிக் குடித்தார். புந்தோங் வரைக்கும் போய், மூங்கில் தோட்டத்தை ஒற்றைக் கையால் முறியடித்த கதையைச் சொன்னார். முறியடித்தது கொசு என்று யாரும் சொல்லவில்லை.

மறு வருடம் பந்தயத்துக்கு முன்னால் துரை கூப்பிட்டார்.

"கங்காணி, கோப்பை எனக்கு வேணும்."

"அது எங்க தொரெ போவும். ஆணியடிச்ச மாரி நம்ம வீட்டுல இருக்கு."

"கோப்பை போனா உன் கம்பு போகும். நீ பால் வெட்டப் போகும்."

துரையின் தமிழ் கோணல்தான். ஆனால் சொன்னது உடையப்பனுக்கு நன்றாகவே புரிந்தது. வீட்டுக்கு வந்து அன்றைக்குக் கோப்பையில் இரண்டு தடவை கள் ஊற்றினார்.

பந்தய நாளில் மூங்கில் தோட்டத்துக் கூட்டத்தோடு அர்ச்சுனனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அர்ச்சுனன் அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி. உடையப்பனின் மனைவி செல்லாயிக்குக் கூடப் பிறந்த தம்பி. ஒல்லியான ஆள், மீசை பேருக்கு ஒரு கோடு. அவரைப் பார்த்து உடையப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"என்ன மச்சான், கங்காணியா பொறந்துட்டுக் கூலிக்காரப் பயலுவளோட ஓடப் போறியா. வேட்டி பத்திரம்."

"நான் எதுக்கு மச்சான் ஓடுறேன். நடந்தே போறேன்" என்றார் அர்ச்சுனன்.

சொன்னபடியே நடந்தார். பந்தைக் காலால் தள்ளிக்கொண்டு, பாசாருக்கு மீன் வாங்கப் போகிறவர் மாதிரி நடந்தார். எங்கள் ஆள் ஒருவன் எதிரில் வந்தான். அர்ச்சுனன் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அவன் ஒதுங்கி, துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, தலையைத் தொங்கப்போட்டுவிட்டான். அடுத்தவனும் அப்படியே. கோல் காக்க நின்றவன் அப்பாவு. அவன் கம்பத்துக்கு வெளியே போய் நின்று கும்பிட்டே விட்டான். பந்து உள்ளே போனது.

உடையப்பன் ஓரத்தில் நின்று கத்தினார். "மறிங்கடா. அவனை மறிங்க."

"யார மறிக்கிறது அண்ணே" என்று கேட்டான் அப்பாவு. "அவரு கங்காணி."

"அவன் என் மச்சான்டா."

"மச்சான்னாலும் கங்காணிதானே. நீங்கதானே சொன்னீங்க, எந்தத் தோட்டத்துக் கங்காணின்னாலும்னு. எங்களச் சோதிக்கிறீங்களா அண்ணே."

உடையப்பன் வாயைத் திறந்தார். கங்காணியை மறிக்கலாம் என்று இன்றைக்குச் சொன்னால், நாளைக்குக் காலையில் பாதையை விட்டு எவன் இறங்குவான். திறந்த வாயை மூடிக்கொண்டார். ஏழு கோல் விழுந்தது. ஏழுக்கும் அர்ச்சுனன் வியர்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பந்தை எடுத்து வர ஓடிய அப்பாவுக்குத்தான் வியர்த்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோப்பையைக் கொடுப்பது என்று துரைகள் பேசி முடித்தார்கள். உடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பெற்ற பிள்ளையை அப்படித் தடவியிருந்தால் அது இன்னும் நாலு அங்குலம் வளர்ந்திருக்கும்.

பிறகு மாரியம்மன் கோயில் பூசாரி இராமசாமிப் பண்டாரத்தைக் கூப்பிட்டார்.

"பண்டாரம், திருவிழாவ இந்த வெள்ளிக்கெழமயே வெச்சிருவோம். இந்த வருசம் மண் கரகம் வேணாம். ஆத்தா வெள்ளியில கேக்குது."

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே."

"எங்கிட்டக் கேட்டுச்சு. ஒங்கிட்டக் கேட்டு என்ன ஆவப் போவுது."

வெள்ளிக்கிழமை அந்தக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் கயிறு சுற்றி, வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வைத்து ஆத்தாவை அதில் இறக்கினார்கள். தோட்டத்தில் எல்லோர் கையிலும் காப்புக் கட்டியாயிற்று. போன வாரம் வரைக்கும் கள் குடித்த கோப்பை இந்த வாரம் சாமி.

ஞாயிற்றுக்கிழமை அர்ச்சுனன் தப்பு அடித்துக்கொண்டு ஆட்களோடு வந்தார். கோயிலுக்குள் கோப்பை கொலுவிருந்தது. உடையப்பன் மீசையை இரண்டு கையாலும் முறுக்கினார்.

"எடுத்துக்க மச்சான். தகிரியம் இருந்தா ஆத்தாவத் தூக்கிட்டுப் போ."

அர்ச்சுனன் செருப்பைக் கழற்றினார், விழுந்து கும்பிட்டார், விபூதி பூசிக்கொண்டார். "நான் எதுக்கு மச்சான் ஆத்தாவத் தூக்கப் போறேன். திருவிழா முடிஞ்சு கரகத்தத் தண்ணில விடுவீங்கல்லா, அப்ப வாரேன். ஆத்தா போனப்புறம் மிச்சம் இருக்கிறது கோப்பைதானே."

அவர் போன பிறகுதான் உடையப்பனுக்கு உறைத்தது. கரகத்தை ஓடையில் விட்டால் சாமி மறுபடி கோப்பையாகிவிடும். ஆகவே திருவிழா முடியவே கூடாது. துரையும் கோயில் விஷயத்தில் கை வைக்கப் பயந்து, சாமி முடியட்டும் என்று சொல்லிவிட்டார்.

காப்பு என்றால் லேசு இல்லை. கரகம் தண்ணீரில் போகிற வரைக்கும் காப்பை அவிழ்க்கக் கூடாது. காப்பு இருக்கிற வரைக்கும் கறி மீன் ஆகாது, கள் ஆகாது, குழம்பு தாளிக்கக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எந்த வருடமும் ஒன்பது நாள். அந்த வருடம் ஒன்பது போய்ப் பதினெட்டு வந்தது, பதினெட்டும் போனது. ஒவ்வொரு ஞாயிறும் உடையப்பன் கோயில் முன்னால் நின்று, ஆத்தாவுக்கு இந்தத் தோட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னும் ஒரு வாரம் இருக்கிறேன் என்கிறது என்பார்.

கள்ளுக்கடையில் ஈ கூட நம்பிக்கை இழந்து கோப்பெங்குக்குப் போய்விட்டது. அறுக்க ஆள் இல்லாமல் கோழிகள் பெருகி, நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் கங்காணி மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி நடந்தன. அர்ச்சுனன் தினமும் சாயங்காலம் ஓடைக்கு அந்தக் கரையில் அடுப்பு மூட்டி, ஹுத்தான் மெலிந்தாங் ஊர்க் கருவாடு வாங்கி வந்து வறுத்தார். காற்று எங்கள் பக்கம்தான் அடிக்கும். நாங்கள் வெறும் சோற்றை அள்ளி வாயில் போட்டு, மூக்கால் கருவாடு தின்றோம்.

உடையப்பனே வாடிப்போனார். மீசை தொங்கிப்போய் வாய்க்குத் திரை போட்டது.

"செல்லாயி, வயித்த வலிக்குது. மருந்தாட்டம் ஒரு முட்டி கள்ளு" என்று கேட்டாராம்.

"காப்புக் கட்டுன கைய வெச்சுக்கிட்டுக் கள்ளு கேக்குறீங்க" என்றாள் செல்லாயி. "போயி ஆத்தாகிட்ட கேளுங்க. அதுதான் தெனமும் ஒங்ககிட்டப் பேசுதே."

ஐந்தாவது ஞாயிறு மத்தியானம் கோயில் முன்னால் கூடினோம். உடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆத்தா என்ன சொல்லுதுன்னா" என்று ஆரம்பித்தார். அப்போது கூட்டத்துக்குள் இருந்த ராக்காயி தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தாள்.

ராக்காயி பால் வெட்டுகிறவள். அவள் நாக்கு இருக்கும்போது பால் வெட்டக் கத்தி எதற்கு என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அன்றைக்கு அவள் மேல் வந்தது ஆத்தாவா, ஐந்து வாரத்துக் கருவாட்டு ஆசையா என்று சாமி சத்தியமாக எனக்குத் தெரியாது.

"டேய் உடையப்பா."

அந்தப் பெயரை அப்படிக் கூப்பிட இந்தச் சீமையில் ஆள் கிடையாது. உடையப்பன் ஆடிப்போனார்.

"ஆத்தா."

"என்னைய எதுக்குடா இந்தக் குவளைக்குள்ள அடைச்சு வெச்சிருக்க. கால நீட்ட முடியல, கைய நீட்ட முடியல."

"இன்னும் ரெண்டே வாரம் ஆத்தா. ஒனக்குன்னு தனியாப் பொங்க வெக்கிறேன்."

"பொங்கச் சோறு தின்னு தின்னு எனக்கே நாக்கு செத்துப்போச்சு. இன்னிக்கே தண்ணில விடு."

உடையப்பன் கடைசியாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பிப் பார்த்தார். "பேசுறது ஆத்தாவா, இல்ல ராக்காயியா. எனக்கு எப்படித் தெரியும்."

"ராக்காயின்னா இந்நேரம் கம்ப ஓங்கியிருப்ப. ஓங்கிப் பாருடா."

கம்பு மேலே போகவில்லை. பண்டாரம் அந்த ஒரு நிமிடத்துக்காகவே ஐந்து வாரமாகக் காத்திருந்தவர் மாதிரி ஓடிப்போய்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டார்.

ஓடைக்கரையில் பூசை போட்டுத் தண்ணீரைக் கவிழ்த்தார். வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் மிதந்து போயின. பாதிப் பேர் காப்பை அறுத்தும் அறுக்காமலும் கள்ளுக்கடைப் பக்கம் ஓடினார்கள். அந்தக் கரையில் அர்ச்சுனன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உடையப்பன் பண்டாரத்தின் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

"பண்டாரம், மறுபடியும் தண்ணி ரொப்பு. அடுத்த வருசத் திருவிழாவ இப்பவே ஆரம்பிச்சிருவோம். டேய், எல்லாரும் கைய நீட்டுங்க, காப்புக் கட்டணும்."

மிச்சம் இருந்த அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். பண்டாரம் ஆகாயத்தைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் உடையப்பன் சொல்லி நாங்கள் வேண்டுமென்றே செய்யாத முதல் வேலை அதுதான்.

சத்தம் கேட்டு இரண்டு துரைகளும் வந்துவிட்டார்கள். இடுப்புத் தண்ணீரில் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்து எங்கள் துரை கேட்டார்: "கங்காணி, என்ன செய்றான்?"

"கழுவுறேன் தொரெ. நாளாச்சுல்லா, பாசி புடிச்சிருக்கு. கழுவிக் குடுக்கலாம்னு."

துரை கையை நீட்டினார். உடையப்பன் கோப்பையைக் கொடுத்தார். துரை அதைச் சிநேகிதரிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் கையை நீட்டினார். இந்தத் தடவை எதற்கு என்று உடையப்பன் கேட்கவில்லை. கம்பைக் கொடுத்தார். துரைகள் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு, சீமையில் ஏதோ ஒரு வருடம் போட்ட ஏதோ ஒரு கோலைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

புதுக் கங்காணி யார் என்று துரை யோசித்தார். பந்தயத்தில் ஓடி ஓடி உழைத்தவன் ஒருவன்தான் அவர் கண்ணில் பட்டிருந்தான். ஏழு கோல் விட்டு ஏழு தடவை பந்து பொறுக்க ஓடிய அப்பாவு. சீமைப் படிப்பு படித்த கண்ணுக்கு அப்படித் தெரிந்தது.

மறுநாள் காலைப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றோம். உடையப்பன் கையில் பால் வாளி. அப்பாவு கம்பைக் குடை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேர் கூப்பிட்டான்.

"உடையப்பன்."

உடையப்பன் வேறு யாரையோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்களத்தான் கூப்புடுறாரு" என்றாள் பின்னால் நின்ற ராக்காயி. "இந்தத் தோட்டத்துல வேற உடையப்பன் இல்ல."

"இருக்கேன்" என்று மீசைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"கேக்கலியே" என்றான் அப்பாவு. "இன்னொரு தரம்."

உடையப்பன் இன்னொரு தரம் சொன்னார். அது மூங்கில் தோட்டம் வரைக்கும் கேட்டது.