ஊசி போட்ட மறுநாள் வந்தவர்

நாலாங்கிளாஸோடு நின்றவன் நான். ஒற்றை ஒலிபெருக்கிக் குழாயை வைத்து சவுண்டு சர்வீஸ் ஆரம்பித்து, தேரடி வீதியில் சொந்தக் கடை போட்டேன். கார்த்திகை தீபத்துக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளையெல்லாம் என் மைக்தான் பெற்றவர்களிடம் சேர்த்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நர்ஸம்மா கடைக்கு வந்தார். ஒல்லியான உருவம், வெயிலில் கறுத்த முகம். தடுப்பூசி போட்ட தெருவுக்கு மறுநாளும் போய் வாசல் வாசலாக விசாரிப்பது அவர் வழக்கம். அன்று பக்கத்து ஊரான வேங்கிக்காலில் யாரும் வாய் திறக்கவில்லையாம்.

"ஊசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சல், வீக்கம் இருந்தா வந்து சொல்லுங்கன்னு மைக்ல சொல்லணும்ண்ணே."

"இன்னாம்மா, உங்க ஊசி மேல நீங்களே புகார் கேக்கறீங்க? அப்புறம் எவன் புள்ளையைத் தூக்கினு வருவான்?"

"மறைச்சாத்தான் வரமாட்டாங்க. இதே மருந்தை உலகம் பூரா போடறாங்கண்ணே. இங்க வந்த வீக்கத்தை நான் எழுதி மேல அனுப்பலைனா, அங்க இருக்கற புள்ளைங்களுக்கு யாரு சொல்றது?"

நர்ஸம்மாவை ஏற்றிக்கொண்டு, மைக்கோடு நானே ரிக்ஷாவில் அங்கே போய்க் கூவினேன். காய்ச்சலை அம்மை என்று நினைத்து, வேப்பிலை செருகி மூடியிருந்த ஒரு வீட்டுக் கதவு திறந்தது. கை வீங்கிய குழந்தையோடு தாய் வெளியே வந்தாள். அதே ரிக்ஷாவில் நர்ஸம்மா குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்கவைத்தார், மேலேயும் எழுதினார். அடுத்த ஊசிக்கு அந்தத் தாயே தெருவைத் திரட்டிக்கொண்டு வந்தாள்.

தன் வேலையில் குறை சொல்லச் சொல்லி ஊரையே கூப்பிட்ட ஆளை நான் வேறு பார்த்ததில்லை. அவரைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்குக் கூப்பிட்ட குரல் என்னுடையது. அதையும் சேர்த்து எழுதியாக வேண்டும்.